பழைய மட்டைகளை வீட்டில் வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏகாம்பரம் மைதானத்தில் அப்பா கடினப்பந்துக் கிரிக்கெட் ஆடிய மட்டை, பாடசாலை அணித் தலைவருக்குப் பரிசாகக் கிடைத்த மட்டை, தேசிய வீரர் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்த மட்டை என்று திருகோணமலையில் பல வீடுகளில் ஒன்றிரண்டாவது இருக்கும். அவை கெட்டுப்போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ஆடுகிற மட்டைக்குச் செய்யும் பராமரிப்பை ஆடி ஓய்ந்த மட்டைக்கும் செய்வதால்தான் பெரும் சேதம் வருகிறது.

முதலில் எண்ணெய். புது வில்லோ மர மட்டைக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசுவது சரிதான். பந்து படும்போது மரம் வெடிக்காமல் இருக்க அது உதவும். சுவரில் தொங்கப்போகும் மட்டையை எந்தப் பந்தும் அடிக்கப்போவதில்லை. ஆண்டுதோறும் எண்ணெய் பூசினால் மரம் கறுத்துப் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், கையெழுத்தின் மை கரைந்து பரவும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடுவது இன்னும் பெரிய தவறு. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை வெளியே விரித்துக் காயப்போட வேண்டும்.

உப்புத்தாளால் தேய்ப்பதும் இதே வகைத் தவறு. சிவப்புப் பந்து பதிந்த தழும்புகள் அந்த மட்டையின் வரலாறு. அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கையில் மிஞ்சுவது கடையில் வாங்கக்கூடிய ஒரு மரத்துண்டு. மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினாலே போதும். கையெழுத்தைக் காப்பதாக நினைத்து அதன்மேல் வார்னிஷ் அடிக்கவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் மையைக் கலைத்துவிடும். காலப்போக்கில் பூச்சும் மஞ்சளாகும்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. லண்டன் ஓவல் மைதானத்தில் 1729 ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு மட்டை இன்றும் இருக்கிறது. ஆகவே வயது ஒன்றே மரத்தைக் கொல்வதில்லை. இங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை மாரிமழையும் வாடையும் சுவரையே நனைக்கின்றன. ஆண்டின் நடுவில் கச்சான் காற்று வீசும்போது அதே அறை வறண்டு கொதிக்கிறது. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். மட்டையின் அலகும் பிரம்புக் கைப்பிடியும் ஆப்பு வடிவில் பொருந்திப் பசையால் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் இதன் விளைவு முதலில் தெரியும்: மயிரிழை போன்ற விரிசல். இரவில் மட்டும் குளிரூட்டியை இயக்கிப் பகலில் அணைக்கும் அறையில் இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. அந்த அறையைவிடக் காற்றோட்டமுள்ள சாதாரண நடு அறையே மேல் என்பது என் உறுதியான கருத்து.

உவர்மலையிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த வெளிச்சுவரில் மட்டையை மாட்டாதீர்கள். வீட்டின் உட்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மட்டைக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அங்குலமாவது காற்று போகட்டும். தொங்கவிடுவதற்காக மட்டையில் துளை போடவே வேண்டாம். கைப்பிடி கீழே இருக்கும்படி, அலகின் இரு தோள்களையும் தாங்கும் மரக் கொம்புகள் போதும். சாதாரண இரும்பு ஆணி உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கறையை மரத்தில் இறக்கிவிடும். துருப்பிடிக்காத உருக்கில் செய்ததை வாங்குங்கள். சீமெந்துத் தரையில் நிமிர்த்தி வைப்பதும் வேண்டாம். மட்டையின் அடிநுனியில் மரத்தின் நார்கள் வெட்டுண்டு திறந்திருப்பதால் அது தரையின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும்.

பொலித்தீனில் சுற்றிக் கட்டுவதைப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே அகப்பட்ட ஈரம் பூஞ்சணமாக வெளிவரும். வெளுத்த பழைய பருத்தித் துணியே நல்லது. இறுக்கமாக மூடிய கண்ணாடி அலுமாரி என்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். மலிவான ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்தால் ஊகிக்க வேண்டியிருக்காது: 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கதவு திறந்ததாகவே கொள்ளலாம். இன்னொன்று, பழைய ரப்பர் பிடியுறையிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வெள்ளித் தகடு பதித்த கிண்ணங்களை அதே அலுமாரியில் வைக்காதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கையெழுத்து மங்கினால் திரும்பி வராது. சாதாரண யன்னல் கண்ணாடி புறஊதாக் கதிர்களை முழுமையாகத் தடுப்பதில்லை. காலை வெயில் நேரே விழும் கிழக்கு யன்னலுக்கு எதிரே கையெழுத்து மட்டையை வைக்கவே கூடாது.

உளுத்துப்போதலைத்தான் பலர் காலம் கடந்து கவனிக்கிறார்கள். மட்டையில் குண்டூசித் தலையளவு துளைகள் தெரிந்தால் அதன் அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் பாருங்கள். மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பூச்சி மருந்தை மட்டைமேல் தெளித்தால் மையும் ஒட்டுத்தாள்களும் போய்விடும். அருங்காட்சியகங்கள் மரப் பொருள்களை உறையவைத்துப் பூச்சியைக் கொல்கின்றன. நம் ஊரில் மீன் வியாபாரிகளிடம் நீளமான உறைபெட்டிகள் இருப்பதால் அந்த வழி நமக்கும் எட்டும். மட்டையைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 பாகைக்குக் குறைவான குளிரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். பொலித்தீன் ஆகாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் கழித்தே உறையைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த மரத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பேஸ்போல் மட்டையும் சில வீடுகளில் உண்டு. ஆடிய மட்டையாக இருந்தால் கைப்பிடியில் கறுப்பாக ஒட்டியிருப்பது அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெயால் துடைத்துவிடாதீர்கள். அது பிடி வழுக்காமல் இருக்க வீரர்கள் பூசும் பைன் மரத் தார். நம் வெயிலில் அது இளகும் என்பதால் மற்ற மட்டைகளோடு உரசாதபடி தனிக் கொம்பில் மாட்டுங்கள்.