சிலந்தி செய்ய உட்காரும் முன்: ஹாலோவீன் மேசையில் தவிர்க்க வேண்டியவை

அக்டோபர் பிறந்தால் போதும், நியூஜெர்சியில் எங்கள் பகுதி நூலகத்தில் குழந்தைகளின் கைவேலை நேரத்துக்குக் கூட்டம் அள்ளும். 31ஆம் தேதி, பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் வரை சிலந்தியும் வௌவாலும்தான். உதவிக்கு நிற்கும் எனக்கு, முதல்முறை வரும் பெற்றோரைப் பார்த்தால் பழைய நினைவெல்லாம் வரும். கத்தரிக்கோல் முனை, தரையில் கொட்டும் பெயின்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பிளாஸ்டிக் கண்ணும் சர்க்கரைக் கண்ணும் ஒரே மேசையில்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பேப்பர் சிலந்திக்கு ஒட்டுவது, உள்ளே கருமணி ஆடும் பிளாஸ்டிக் கண். ஓரியோ பிஸ்கட்டில் பிரெட்ஸல் என்ற மொறுமொறு உப்புக் குச்சியைக் காலாகச் செருகிச் செய்யும் சிலந்திக்கு ஒட்டுவது, தின்னக்கூடிய சர்க்கரைக் கண். இரண்டும் வெள்ளை வட்டம், நடுவே கருப்பு, ஏறக்குறைய ஒரே அளவு.

ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டையும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் கொட்டி அருகருகே வைத்திருந்தார்கள். மூன்று வயதுப் பையன் ஒருவன் முதல் கிண்ணத்தில் எடுத்துத் தின்றான், இனித்தது. அடுத்த கிண்ணத்திலும் கைவிட்டான். அவன்மேல் என்ன தப்பு? உப்பிய கன்னத்தை அவனுடைய பெரியம்மா கவனித்து, "துப்புடா கண்ணா" என்று கையை நீட்ட, பிளாஸ்டிக் கண்கள் எச்சிலோடு வந்து விழுந்தன. அதற்குள் இன்னொருவர் அவன் வாயில் விரலை விட்டுத் துழாவப் போனார். அது கூடவே கூடாது. பார்வைக்குத் தெரியாததை விரலால் தேடினால் அது இன்னும் உள்ளேதான் போகும். குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும், இன்னொருவர் அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும்.

அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 1.25 அங்குலம். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் அந்த வயதுப் பொம்மையில் இருக்கக் கூடாது. இந்தக் கண்கள் அதில் கைப்பிடி கைப்பிடியாக அடங்கும். சிலந்தி உடம்புக்கென்று முழு திராட்சையும் மார்ஷ்மெல்லோவும் எடுத்து வைக்கிறார்கள், அவையும் நான்கு வயதுக்குக் கீழே தொண்டையை அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

முதலில் தின்பண்டம். செய்து, தின்று, மேசையைத் துடைத்த பிறகுதான் கைவேலைப் பெட்டியே வெளியே வர வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம். வெள்ளை ஸ்டிக்கரில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது. "நன்றாகத்தானே ஒட்டியிருக்கிறது" என்பார்கள். வெள்ளைப் பசையில் ஒட்டிய கண் காய்ந்ததும் வீட்டில் எங்கோ உதிரும். தவழும் தம்பிக்கு அது முதலில் கிடைக்கும்.

பத்துக் கால் சிலந்தி

உள்ளங்கை அச்சில் சிலந்தி செய்யும்போது கட்டைவிரலுக்கும் பெயின்ட் பூசிவிடுகிறார்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, விரல்களை எதிரெதிர்ப் பக்கம் நீட்டினால் சரியாக எட்டுக் கால். இன்னொன்று, பிரஷ் பட்டதும் கூச்சத்தில் குழந்தை கையை மூடிக்கொள்ளும், கருப்பு பெயின்ட் நகக்கண் வரை ஏறும். ஸ்பாஞ்சில் பெயின்ட் ஊற்றி அதன்மேல் கையை அழுத்தச் சொல்லுங்கள். தண்ணீரில் போகும் பெயின்ட்தானா என்று புட்டியைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

உருகிய சாக்லேட்டில் ஈரம்

கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் சாக்லேட் மணல் மணலாகத் திரண்டுவிடும். தண்ணீர் கலந்த ஃபுட் கலர் விட்டாலும் அதே கதிதான், எண்ணெய் சார்ந்த கலர் வாங்குங்கள். திரண்டதில் சூடான பால் விட்டுக் கலக்கினால் சாஸாகத் தேறும். ஆனால் அதில் கால் நிற்காது.

கருப்பு ஐசிங்

பல், நாக்கு, சோபா மூன்றும் கருக்கும்.

கேட்காமல் கடலை

பீநட் பட்டர் டப்பாவைத் திறக்கும் முன் வருகிற ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலும் அலர்ஜி பற்றிக் கேளுங்கள். எள்ளையும் சேர்த்துக் கேளுங்கள். 2023 முதல் அமெரிக்காவில் பாக்கெட் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய அலர்ஜிப் பொருள்களில் எள்ளும் உண்டு. கருப்பு எள்ளுருண்டையைச் சிலந்தி உடம்பாக்கிக் கொண்டுவந்தார் ஒரு அம்மா. அழகுதான், நானே இரண்டு தின்றேன். பொதுமேசைக்குத்தான் வேண்டாம் என்றேன்.

க்ளூ கன்

சூட்டில் உருகிய பசை வரும் கருவி. பெரியவர் கையில், வேறு மேசையில்.

வாசலில் பஞ்சு வலை

செடியில் இழுத்துக் கட்டும் அந்த வெள்ளைப் பஞ்சு வலையில் சின்னப் பறவைகள் சிக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் கட்டுங்கள். வெளியே வேண்டுமென்றால் தடித்த கயிற்றில் பெரிய பெரிய இடைவெளி விட்டுக் கட்டலாம்.

நூல் வலை

பேப்பர் பிளேட்டைச் சுற்றித் துளை போட்டு, உல்லன் நூல் கோத்து வலை செய்வது நான்கு, ஐந்து வயதுக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே நடக்கும் தப்பு, நூலை நீளமாகக் கொடுத்துவிடுவது. அது முடிச்சாகும், கழுத்திலும் சுற்றும். குழந்தையின் கை நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள், தீர்ந்தால் இன்னொரு துண்டு. நுனி பிரிந்தால் துளைக்குள் நுழையாது, அதனால் செலோடேப் சுற்றிக் கூராக்குங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் இழைகளை முதலில் போட்டுவிட்டுச் சுற்று இழைக்கு வாருங்கள். தோட்டத்தில் வட்ட வலை பின்னும் சிலந்தியும் அந்த வரிசையில்தான் போகிறது.