ரெயின் லில்லி ஏன் பூக்க மறுக்கிறது?

சென்னையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ரெயின் லில்லி பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே குறைதான் வரும்: "இலை புல் மாதிரி தளதளன்னு இருக்கு, பூ மட்டும் வரல." பல வீடுகளில் இதற்குக் காரணம் தினமும் ஊற்றும் தண்ணீர்.

அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த செடி இது. காய்ந்த நாட்களில் கிழங்கு ஓய்வெடுக்கும்; நல்ல மழை நனைத்ததும் சில நாட்களில் மொட்டு விடும். மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் அந்தத் தூண்டுதல் கிடைக்காது. எனவே மல்லிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றும்போது இதற்கும் சேர்த்து ஒரு குவளை ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். இலை துவண்டாலும் பயம் வேண்டாம். அப்புறம் ஒருநாள் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால், உப்பேறிய போர் தண்ணீரைவிட அதுவே மேல். வெள்ளை ரகம் மட்டும் ஈரத்தை விரும்பும். அதை இவ்வளவு காயப்போட வேண்டாம்.

அடுத்த தவறு கலவையில். மாடிக்கு எடை குறையட்டும் என்று கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) அள்ளிப் போடுகிறார்கள். கோடையில் இது பெரிய தொல்லை தராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும்போது அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கிழங்கை அழுகச் செய்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள்.

ஒற்றைக் கிழங்கைப் பெரிய குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) நடுவதும் வேண்டாம். எட்டு அங்குலத் தொட்டியில் எட்டுப் பத்துக் கிழங்குகளை நெருக்கமாக, கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். நெருக்கத்திலேயே நன்றாகப் பூக்கும். வருடா வருடம் பிரித்து நட்டால் மறுபடி நிலைகொள்ளவே அதற்கு நேரம் போய்விடும். நிழலான பால்கனியிலும், தழைச்சத்து உரம் அதிகமானாலும் இலைதான் மிஞ்சும். வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். கத்திரி வெயிலில் மட்டும் சிறிய பிளாஸ்டிக் தொட்டிகளைக் காலை வெயில் படும் பக்கம் நகர்த்துங்கள். இலை முழுக்கக் காய்ந்துவிட்டால் செத்துப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். கிழங்கை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.

பிரித்தெடுத்த கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷத்தன்மை உள்ளது. சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளும் நாய், பூனையும் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு புழுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இலையை மேய்ந்து, கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும். கையுறை போட்டு அன்றைக்கே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அப்புறம் சில நாட்களுக்கு இலையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், முட்டை இருக்கும்.