மொட்டைமாடி ஷெட்டில் ஒரு ஆர்ச்டாப் கிதார்

சாதாரண கிதாரின் முகப்பு மூணு மில்லிமீட்டர் தட்டைப் பலகை. ஆர்ச்டாப்பின் முகப்பும் முதுகும் வயலினைப் போலக் கட்டையிலிருந்து குடைந்து எடுப்பவை. 25 மில்லிமீட்டர் கனத்தில் ஆரம்பித்து, முக்கால்வாசியைச் சீவலாகத் தரையில் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கிதாரில் வைக்கிறோம். நான் பிழைப்புக்குச் செய்தது வார்ப்படப் பட்டறைக்கான மரப் பாட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மர மாதிரி. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இது அழகு வேலை மாதிரி தெரியும், உண்மையில் கன வேலை. எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் சத்தம்.

மைக் பெரிதாக இல்லாத காலத்தில், டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் கேட்க வேண்டும் என்று வளர்ந்த வாத்தியம் இது. வயலின் மாதிரி 'எஃப்' ஓட்டை போட்ட கிப்சன் எல்-5 வந்தது 1922-ல். அதன் உடம்பு 16 அங்குல அகலம். முதல் கிதாருக்கு அந்த அளவே போதும். 17, 18 அங்குலத்துக்கு ஆசைப்பட்டால் மரமும் கிடைக்காது, மாடிப்படியில் திரும்பவும் திரும்பாது.

மரத்துக்கு வருவோம். முறைப்படி முகப்புக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கத்துக்கும் மேப்பிள். இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம், முதல் கிதாரை அதில் பழகவும் மனசு வராது. நாம் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பெரிய மெஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் அடியில் தடித்த சட்டங்கள் இருக்கும். ஸ்ப்ரூஸ், ஃபிர், பைன் எல்லாம் கலந்து வரும். பழைய பெட்டி மரம் விற்பவரிடம், "அண்ணே, அடிச்சட்டம் மட்டும் தனியா எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்தால் போதும். முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முடிச்சு இல்லாமல் 53 சென்டிமீட்டர் நீளம் கிடைக்க வேண்டும். முனையைப் பார்த்தால் வளைய வரிகள் பலகையின் முகத்துக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் குடைந்த பிறகு வலு இருக்காது. இரண்டு அகலத் துண்டு கிடைக்காவிட்டால் நான்காக ஒட்டுங்கள். பார்ப்பவர்கள் கேட்பார்கள், காதுக்குத் தெரியாது.

முதுகுக்கு நான் பலாவைத்தான் சொல்வேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதுதான் மரம், உளிக்கும் ஒத்துழைக்கும். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் விசாரித்து, வெள்ளை இல்லாமல் வைரம் மட்டும் உள்ள காய்ந்த கட்டையாக வாங்குங்கள். பக்கப் பலகைக்குப் பலா வளைவதற்கு முரண்டு பிடிக்கும், அதற்கு மகோகனி சுலபம். தேக்கு வேண்டாம். எண்ணெய்ப் பசை, ஒட்டு சரியாகப் பிடிக்காது.

அப்புறம் காற்று. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் மரவேலை செய்கிறவர்களுக்குப் பெரிய தொல்லை இதுதான். கடற்காற்றில் ஈரத்தைக் குடித்து மரம் அகலத்தில் உப்பிக்கொள்ளும். அந்த நிலையில் முகப்பைப் பக்கப் பலகையோடு ஒட்டிவிட்டால், ஏசி அறைக்குப் போனதும் முகப்பு சுருங்கப் பார்க்கும், பக்கப் பலகை விடாது, முகப்பு நடுவில் பிளந்துவிடும். அதனால் ஒரு பழைய மர பீரோவில் 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைக் கீழே மாட்டி, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரை உள்ளே வையுங்கள். சூடு ஏறினால் ஈரப்பத அளவு இறங்கும். 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் சில நாள் இருந்த பலகையை எடுத்து உடனே ஒட்டுங்கள். கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து வெக்கைக் காற்று அடிக்கும் பகல் பொழுது இதற்கு நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டுவதை மறந்துவிட்டு உளி தீட்டுங்கள், கழுத்தைச் செதுக்குங்கள், வேறு வேலையா இல்லை!

குடைவதில் முதலில் வெளிப்பக்கம். இரண்டு துண்டையும் புத்தகம் விரித்த மாதிரி ஒட்டி, உருவத்தை வெட்டி, விளிம்பைச் சுற்றி 7 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வரப்பு இறக்குங்கள். அங்கிருந்து நடுவை நோக்கிப் படிப்படியாக ஏறும் கோடுகள் வரைந்து, வளைந்த வாய் உளியால் படிகளை வெட்டி, பிறகு சின்ன இழைப்புளியால் படிகளைக் கரையுங்கள். விளிம்புக்கு உள்ளே ஒரு பள்ளம் ஓடி, அதிலிருந்து மேடு எழும்ப வேண்டும். குறுக்கே ஐந்து இடத்துக்கு பிளைவுட்டில் டெம்ப்ளேட் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்பினால் இடதும் வலதும் வேறு வேறாகப் போய்விடும்.

உள்பக்கம் குடையும்போதுதான் கை நடுங்கும். டிரில் மெஷின் மேஜையில், பிட்டுக்கு நேர் கீழே, தலை உருண்ட ஒரு மரக்குச்சியை நிறுத்துங்கள். குச்சித் தலைக்கும் பிட் இறங்கி நிற்கும் இடத்துக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் இடைவெளி. பலகையைக் கவிழ்த்துக் குச்சி மேல் வைத்து எங்கே துளை போட்டாலும் 7 மில்லிமீட்டர் மிஞ்சும். விளிம்புப் பள்ளத்துக்கு இடைவெளியை 5 ஆக்குங்கள். வீட்டு பெஞ்ச் டிரில்லுக்குப் பலகையின் நடு எட்டாது. ரேடியல் டிரில் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மரத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள், செய்தும் கொடுப்பார்கள். பிறகு துளைகளின் அடி மறையும் வரை உளியும் இழைப்புளியும், கடைசியில் ஸ்கிரேப்பர்.

முடிவில் முகப்பு நடுவில் 6, விளிம்புப் பள்ளத்தில் மூன்றரை. முதுகும் ஏறக்குறைய இதே. 'யு' வடிவில் வெட்டிய தடித்த பிளைவுட்டில் டயல் கேஜ் பொருத்தினால் நடு வரைக்கும் அளக்கலாம். அளந்ததை அங்கேயே பென்சிலால் எழுதுங்கள். தட்டிப் பார்த்துச் சுருதி பிடிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் விளிம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கிறதா என்று பார்ப்பேன்.

பக்கப் பலகை இரண்டேகால் மில்லிமீட்டர். இரும்புக் குழாயை உள்ளிருந்து சூடாக்கி (கால்வனைஸ் குழாய் வேண்டாம், புகை கெடுதல்), மேலே தண்ணீர் தெளித்தால் துளி துள்ளும் நேரத்தில், நனைத்த பலகையை அழுத்தி வளையுங்கள். அச்சில் கட்டி, மேலும் கீழும் மரக்கட்டை வைத்து ஒட்டி, உள்விளிம்பில் பட்டி ஓட்டினால் சட்டம் தயார்.

எஃப் ஓட்டை போட்ட பிறகு உள்கட்டை, அதாவது முகப்பின் உள்பக்கம் ஒட்டும் தாங்குகட்டை. நீளவாக்கில் இரண்டு வைத்தால் சத்தம் பாய்ந்து வரும், 'எக்ஸ்' ஆக வைத்தால் மெத்தென்று இருக்கும். முதல் கிதாருக்கு இரண்டு கட்டை. வளைவில் சாக்பீஸ் தடவி, கட்டையை வைத்துத் தேய்த்து, வெள்ளை ஒட்டிய இடத்தைச் சீவிக்கொண்டே போனால் முழுக்கப் பொருந்தும். கிளாம்ப் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டை பொருந்தாத கட்டை. ஒட்டுவதற்கு வஜ்ரம், அதாவது மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் பசை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரியில் காய்ச்சுங்கள். குளிர்நாட்டில் அது சீக்கிரம் உறைந்துவிடும் என்று பயப்படுவார்கள், நமக்கு வெயில் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். சாதாரண வெள்ளைப் பசை தகர ஷெட் சூட்டில் இளகி, கம்பி இழுக்கிற இழுப்புக்கு மெதுவாக நகர்ந்துவிடும். கழுத்துக்கு அது கூடவே கூடாது.

கழுத்தில் கோணம்தான் விஷயம். விரல்பலகையின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்தால், அது பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் மரப்பாலம்) நிற்கும் இடத்தில் முகப்புக்கு மேல் 22 முதல் 25 மில்லிமீட்டர் உயரத்தில் போக வேண்டும். ஒட்டாமல் சொருகிச் சொருகிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். விரல்பலகைக்குக் கருங்காலி. ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டு) கணக்கு சுலபம்: கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், மிச்சத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. 635 மில்லிமீட்டர் நீளத்துக்கு முதலாவது 35.64, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 317.5. ஒவ்வொன்றையும் மேல்முனையிலிருந்தே அளங்கள். ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்தால் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, துணிப்பொட்டலத்தால் மெல்லிசாகப் பல கை. ஈரக்காற்று அன்று பூசினால் வெள்ளை பூக்கும். கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்கு 2 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு போதும். பிரிட்ஜின் அடிக்கட்டையை உட்கார வைக்க, முகப்பின் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து, அதன் மேல் அடிக்கட்டையைத் தேயுங்கள், வளைவு தானாக வந்துவிடும். பிரிட்ஜை ஒட்டக் கூடாது, கம்பியின் அழுத்தமே அதைப் பிடிக்கும். முதலில் மெல்லிய கம்பி, 11 செட் (முதல் கம்பியின் கனம் 0.011 அங்குலம்). முதல் சில வாரம் முகப்பு கொஞ்சம் அமுங்கும், கம்பி உயரம் இறங்கும், பிரிட்ஜ் சக்கரத்தைத் திருகி ஏற்றிக்கொள்ளுங்கள். அமுங்குவது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் கம்பியைத் தளர்த்தி, எஃப் ஓட்டை வழியாகச் சின்னக் கண்ணாடியை விட்டு உள்கட்டை எங்கே விட்டிருக்கிறது என்று பாருங்கள்.