டங்ஸ்டன் எலக்ட்ரோடு: நிறத்துக்கு முன் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று வழங்கும் டிக் வெல்டிங்குக்கு டங்ஸ்டன் வாங்கச் செல்பவர்களில் பலர் கடையில் கேட்பது "ரெட் 2.4", அதாவது ஒரு முனையில் சிவப்பு நிறம் பூசிய 2.4 மி.மீ. எலக்ட்ரோடு, என்ற ஒன்றைத்தான். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடிக் குழாயானாலும், அலுமினியத் தொட்டியானாலும், கொதிகலன் குழாய் இணைப்பின் அடியில் முதலில் போடும் ரூட் பாஸானாலும் அதே சிவப்பு முனை, அதே தடிமன். டிசி மின்னோட்டத்தில் எஃகை மட்டுமே ஒட்டிவந்த வரையில் இந்தப் பழக்கத்தால் வேலை பெரிதாகக் கெட்டுவிடவில்லை. இன்று ஏசி, டிசி இரண்டும் தரும் இன்வெர்ட்டர் இயந்திரம் சிறு பட்டறைக்கும் வந்துவிட்டது. காலையில் 1 மி.மீ. எஸ்.எஸ். தகடு, மாலையில் 6 மி.மீ. அலுமினியம் என்று வேலை மாறும்போது எலக்ட்ரோடும் மாறியாக வேண்டும். எந்த உலோகம், எத்தனை ஆம்பியர், எலக்ட்ரோடு எந்தத் தடிமன் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிக் வெல்டிங்கில் எலக்ட்ரோடு உருகி இணைப்பில் சேர்வதில்லை. அதற்கு ஃபில்லர் ராடு தனியாக இருக்கிறது. ஆர்க்கைத் தாங்கி நிற்பது மட்டுமே எலக்ட்ரோடின் பணி. 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதாலேயே இந்த வேலைக்கு டங்ஸ்டன் வந்தது. ஆனால் கலப்பில்லாத டங்ஸ்டனிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேற வேண்டுமானால் முனை மிக அதிகமாகச் சூடேற வேண்டும். அந்தச் சூட்டில் முனை உருகி உருண்டையாகிவிடுகிறது. தோரியம், லாந்தனம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடில் ஒன்றை 1 முதல் 2 சதவீதம் வரை கலந்தால், குறைந்த சூட்டிலேயே எலக்ட்ரான்கள் எளிதாக வெளியேறுகின்றன. அதனால் ஆர்க் உடனே பற்றுகிறது, முனை கூர்மை கெடாமல் நெடுநேரம் நிற்கிறது, அதே தடிமனில் கூடுதல் ஆம்பியரையும் தாங்குகிறது.

முதலில் உலோகத்தைப் பாருங்கள். எஸ்.எஸ்., எம்.எஸ். (மென் எஃகு), செம்பு, டைட்டானியம் ஆகியவற்றை டிசி மின்னோட்டத்தில், டார்ச்சை நெகட்டிவில் இணைத்து ஒட்டுகிறோம். இந்த இணைப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 சதவீதம், வேலைப்பொருளுக்குப் போவதால் எலக்ட்ரோடுக்குச் சுமை குறைவு. அலுமினியத்தின் கதை வேறு. அந்த உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும்; அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏசி மின்னோட்டத்தில் எலக்ட்ரோடு பாசிட்டிவாக இருக்கும் அரைச்சுற்றில் அந்தப் படலம் உடைந்து விலகுகிறது. அதே நேரத்தில் வெப்பம் எலக்ட்ரோடின் மேல் திரும்புகிறது. ஆகவே ஏசி வேலையில் ஒரே ஆம்பியருக்கு டிசியைவிடத் தடித்த எலக்ட்ரோடு தேவைப்படுகிறது. டிசியில் டார்ச்சைத் தவறிப் பாசிட்டிவில் மாட்டினால் 2.4 மி.மீ. எலக்ட்ரோடு 30 ஆம்பியருக்கு மேல் தாங்காது என்பதிலிருந்து இந்த வெப்பத்தின் கடுமையை உணரலாம்.

அடுத்தது தடிமன். டிசி நெகட்டிவில், கலப்பு டங்ஸ்டனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் இவை: 1.0 மி.மீ. எலக்ட்ரோடு 15 முதல் 80 ஆம்பியர் வரை, 1.6 மி.மீ. 70 முதல் 150 வரை, 2.4 மி.மீ. 150 முதல் 250 வரை, 3.2 மி.மீ. 250 முதல் 400 வரை. இவற்றின் மேல் எல்லையைக் கண்டிப்பாக மதிக்க வேண்டும். கீழ் எல்லையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கூராகத் தீட்டிய 1.6 மி.மீ. முனை 40 ஆம்பியரிலும் சீராக எரியும் என்பதால், 1.5 மி.மீ. சுவர் கொண்ட எஸ்.எஸ். கைப்பிடிக் குழாய்க்கு அதுவே போதும், அங்கே 2.4 மாட்டினால் ஆர்க் முனையில் ஓரிடத்தில் நிற்காமல் அலையும், தகடு தேவைக்கு மேல் சூடாகி நிறம் மாறும். குழாயின் ரூட் பாஸ் 90 முதல் 120 ஆம்பியரில் நடக்கும்போது கணக்குப்படி 1.6 போதுமென்றாலும், நாள் முழுவதும் தொடரும் வேலையில் 2.4 மி.மீ. முனை நீடித்து நிற்கிறது. அனுபவமுள்ள வெல்டர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஏசியில் 3 மி.மீ. அலுமினியத் தகட்டுக்கு 2.4 மி.மீ. எலக்ட்ரோடும், 6 மி.மீ. தகட்டுக்கு 3.2 மி.மீ. எலக்ட்ரோடும் பொருத்தமானவை.

மெல்லிய எலக்ட்ரோடில் அளவுக்கு மீறி ஆம்பியர் ஏற்றினால் வரும் கேடு எலக்ட்ரோடோடு முடிவதில்லை. முனையிலிருந்து நுண்துளி ஒன்று உடைந்து இணைப்புக்குள் விழுந்தால், டங்ஸ்டனின் அடர்த்தி எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்பதால், எக்ஸ்ரே படத்தில் அது பளிச்சென்ற வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். திருச்சியைச் சுற்றியுள்ள கொதிகலன் பாகப் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு அந்தப் புள்ளியின் விலை தெரியும்: அந்த இடத்தைக் கிரைண்டிங் செய்து எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி, மறுபடி படமெடுக்க வேண்டும்.

இனி நிறங்கள். ஐஎஸ்ஓ 6848 நியமப்படி கலப்பில்லாத டங்ஸ்டனுக்குப் பச்சை, 2 சதவீதத் தோரியத்துக்குச் சிவப்பு, 2 சதவீதச் சீரியத்துக்குச் சாம்பல், லாந்தனத்தில் 1 சதவீதத்துக்குக் கறுப்பு, 1.5 சதவீதத்துக்குப் பொன்னிறம், 2 சதவீதத்துக்கு நீலம், 0.8 சதவீத சிர்கோனியத்துக்கு வெள்ளை. ஊதாவில் மட்டும் எச்சரிக்கை தேவை: நியமத்தில் அது 3 சதவீதத் தோரியத்தைக் குறிக்கிறது, சில நிறுவனங்களோ தோரியமே இல்லாத அருமண் கலவைக்கு அதை ஒத்த நிறத்தைப் பூசுகின்றன. ஆகவே ஊதா முனை வாங்கும்போது நிறத்தை நம்பாமல் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள கலவையைப் படித்துப் பாருங்கள்.

இத்தனை நிறங்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் வாங்க முடியுமென்றால் நீலத்தை வாங்குங்கள். டிசியில் சிவப்பு செய்யும் வேலை அனைத்தையும் அது செய்கிறது. இன்வெர்ட்டர் ஏசியிலும் கூர்மையை ஓரளவு காக்கிறது. 2 சதவீத லாந்தனத்தில் கதிரியக்க ஆபத்து இல்லை. பொன்னிறமும் ஏறத்தாழ அதே தரத்தில் நிற்கிறது. கடையில் நீலம் இல்லாவிட்டால் தயங்காமல் அதை எடுக்கலாம். மெல்லிய எஸ்.எஸ். தகடும் சிறு குழாய்களுமே முழுநேர வேலையாக இருக்கும் பட்டறைக்குச் சாம்பல் நல்லது, ஏனெனில் குறைந்த ஆம்பியரில் ஆர்க் பற்றுவதில் அது சிறந்தது. அதிக ஆம்பியரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிவப்பைக் கைவிடச் சொல்வதற்குக் காரணம் அதன் வெல்டிங் குணமல்ல. அந்தக் குணம் நன்றாகவே இருக்கிறது. தோரியம் ஆல்பா கதிர்களை வெளியிடும் கதிரியக்கத் தனிமம். நம் கன்னியாகுமரிக் கடற்கரையின் மோனசைட் மணலில் இருப்பதும் இதே தோரியம்தான். எலக்ட்ரோடைக் கையில் பிடிப்பதாலோ, அதைக் கொண்டு வெல்டிங் செய்வதாலோ வரும் ஆபத்து மிகக் குறைவு. தோல் ஆல்பா கதிரைத் தடுத்துவிடும். முனை தீட்டும்போது பறக்கும் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்குவதே உண்மையான ஆபத்து. தூள் உறிஞ்சும் வசதியும் முகக்கவசமும் இல்லாமல், பட்டறை மூலையில் உள்ள பெஞ்ச் கிரைண்டரில் சிவப்பு முனையைத் தீட்டும் வழக்கத்தை நாம் நிறுத்தியே ஆக வேண்டும், அதுவும் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் பக்கத்தில் நிற்கும்போது. ஒப்பந்தத்திலோ வெல்டிங் செயல்முறை ஆவணத்திலோ சிவப்புதான் என்று எழுதியிருந்தால் அதை மீற முடியாது. அப்போதும் தூளைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பச்சைக்கும் வெள்ளைக்கும் இன்னும் இடமிருக்கிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஏசி இயந்திரத்தில் அலுமினியம் ஒட்டுபவருக்கு முனை சீரான உருண்டையாக நிற்பது நல்லது. அதற்கு இவ்விரண்டும் ஏற்றவை. உருண்டையின் அகலம் எலக்ட்ரோடின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆம்பியர் அதிகம் என்று பொருள். இன்வெர்ட்டர் இயந்திரத்தில் பச்சை தேவையில்லை. நீல முனையைக் கூராகத் தீட்டி நுனியை மட்டும் லேசாக மழுக்கிக்கொண்டால் ஆர்க் குவிந்து நிற்கும்.

சரியான எலக்ட்ரோடையும் தவறாகத் தீட்டினால் பயனில்லை. கூர்ப்பகுதியின் நீளம் தடிமனைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, அதாவது 2.4 மி.மீ. எலக்ட்ரோடுக்கு 5 முதல் 6 மி.மீ. வரை இருக்கட்டும். எலக்ட்ரோடைச் சக்கரம் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் பிடித்து, விரலால் சீராக உருட்டிக்கொண்டே தீட்ட வேண்டும். தீட்டிய முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கோடுகள் யாவும் நுனியை நோக்கி ஓட வேண்டும். மோதிரம்போல் சுற்றிச் செல்லும் கோடுகள் இருந்தால் ஆர்க் பக்கவாட்டில் விலகும். மெல்லிய தகட்டுக்கு ஊசிபோன்ற கூர் போதும். ஆம்பியர் கூடக்கூடக் கோணத்தை அகலமாக்கி, நுனியில் சிறு தட்டையும் விடுங்கள். கோணம் அகலமானால் ஆர்க் ஒடுங்கி ஊடுருவல் ஆழமாகும். இந்த வேலைக்கென்று சக்கரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். எம்.எஸ். கம்பி தீட்டிய சக்கரத்தில் தீட்டினால் இரும்புத் துகள் முனையில் ஒட்டிக்கொண்டு வந்து, முதல் ஆர்க்கிலேயே தெறிக்கும்.

டார்ச்சில் மாட்டும்போது, எலக்ட்ரோடை இறுக்கிப் பிடிக்கும் காலெட்டும் அது அமரும் காலெட் பாடியும் அதே தடிமனுக்கு உரியவையாக இருக்க வேண்டும். ஆர்கான் வெளிவரும் டார்ச் முனையிலுள்ள கப்புக்கு வெளியே எலக்ட்ரோடு நீட்டும் நீளம் கப்பின் உள்விட்டத்தைத் தாண்டக் கூடாது. 6 ஆம் எண் கப்புக்கு அது ஏறத்தாழ 9.5 மி.மீ. மூலை வேலைக்கு அதற்கு மேல் நீட்ட வேண்டுமென்றால், ஆர்கானைச் சீராகப் பாயவிடும் வலை கொண்ட கேஸ் லென்ஸ் போடுங்கள்.

தேர்வு சரிதானா என்பதை வெல்டிங் முடிந்தவுடன் முனையே காட்டிவிடும். வெள்ளிபோல் மின்னினால் எல்லாம் சரி. நீலமோ கறுப்போ படர்ந்திருந்தால், ஆர்க் நின்ற பிறகு ஆர்கான் போதுமான நேரம் ஓடவில்லை. 10 ஆம்பியருக்கு 1 நொடி என்ற கணக்கில், எப்படியும் 8 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். நிறம் சரியாக இருந்தும் நுனி மட்டும் உருகியிருந்தால் தடிமன் போதவில்லை, அல்லது ஏசியில் பாசிட்டிவ் பக்கத்துக்கு அதிக நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். முனை உருகிய உலோகத்தில் பட்டுவிட்டால், ஒட்டிய பகுதியை மேலோட்டமாகத் தீட்டி எடுக்க முயலாமல் அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள். இடுக்கியால் ஒடித்தால் டங்ஸ்டன் நீளவாக்கில் பிளக்கும். வைரச் சக்கரத்தில் கீறி வெட்டுவதே பாதுகாப்பு. வெட்டும்போதும் தீட்டும்போதும் நிறம் பூசாத முனையையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பாதி தேய்ந்த எலக்ட்ரோடு எந்த வகை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.