மைதானம் பூட்டிக் கிடக்கும்போது நம்ம ஊர் ஃபுட்பால் கிளப்பைக் காப்பாற்றுவது எப்படி?

நம்ம பக்கத்து கிளப்புகளுக்கு டிக்கெட் வசூல் என்று ஒன்று கிடையாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், அரக்கோணம் எங்கே போனாலும் இதே நிலைமைதான்: ஒரு மைதானம், இருபது முப்பது பசங்க, ஒரு கோச், பந்தும் வலையும் வைக்க யார் வீட்டிலாவது ஒரு இரும்புப் பெட்டி, வருஷத்துக்கு ஒன்றிரண்டு டோர்னமெண்ட். அந்த டோர்னமெண்டில் வரும் என்ட்ரி ஃபீஸும் அதைச் சாக்கிட்டு வாங்கும் நன்கொடையும்தான் வருஷம் முழுக்க ஓட வேண்டும். 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்ததும் அது அப்படியே நின்றது. அதே வாரம் ஷூ கம்பெனியும் டேனரியும் மூடியதால், மாசாமாசம் ஐந்நூறு கொடுத்துக்கொண்டிருந்த பழைய பிளேயருக்கும் கையில் காசு இல்லை. பெருந்தொற்றில் இதுதான் பெரிய கஷ்டம், கிளப்புக்கு வரவு நிற்கும் அதே நாளில் கிளப்பைத் தாங்குகிறவர்களுக்கும் வரவு நின்றுவிடுகிறது. அதனால் யாரோ ஒரு பெரிய மனுஷர் வந்து மொத்தமாகத் தூக்கி நிறுத்துவார் என்று காத்திருக்காதீர்கள். நூறு பேர், ஆளுக்குச் சின்னத் தொகை, மாதம் தவறாமல், கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி. கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் செலவைப் பிரியுங்கள். நிறுத்தினால் பரவாயில்லை என்கிற செலவு ஒரு பக்கம், நிறுத்தினால் கிளப்பே திரும்ப வராது என்கிற செலவு இன்னொரு பக்கம். புது ஜெர்ஸி, வெளியூர் டோர்னமெண்ட், ஃப்ளெக்ஸ், பரிசுக் கோப்பை இவற்றையெல்லாம் யோசிக்காமல் நிறுத்தலாம். ஏற்கெனவே என்ட்ரி ஃபீஸ் கட்டி நடக்காமல் போன டோர்னமெண்ட் இருந்தால் உடனே போன் பண்ணி, பணம் திரும்ப வருமா அல்லது அடுத்த வருஷத்துக்குக் கழித்துக்கொள்வார்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். நிறுத்தக்கூடாத பக்கத்தில் கோச் சம்பளம், மைதான வாடகை, விளக்கு இருந்தால் கரண்ட் பில், சாமான்களின் பாதுகாப்பு, இவ்வளவுதான் வரும். எழுதிப் பார்த்தால் இந்த இரண்டாவது பக்கம் நாம் பயந்த அளவுக்குப் பெரிதாக இருக்காது, பெரும்பாலான கிளப்புக்கு அதில் பாதிக்கு மேல் கோச்சுக்குத்தான் போகும்.

கோச்சைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்ம ஊரில் கோச் என்றால் பல நேரம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர், காலையிலும் சாயங்காலமும் கிளப்பில் பயிற்சி. பள்ளி மூடினால் அங்கே சம்பளம் பாதியாகும் அல்லது நின்றே போகும், கிளப்பும் கைவிரித்தால் அவர் வேறு வேலை தேடிப் போவார், போனவர் திரும்பி வருவது கஷ்டம். ஆறு வயசுப் பையனுக்குப் பந்தை எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவரை ஒரு ஊர் உருவாக்க பதினைந்து வருஷம் ஆகும். அதனால் முழுச் சம்பளம் தர முடியாவிட்டாலும் ஒரு தொகையை முடிவு பண்ணி, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் அவர் கணக்கில் போடுங்கள். ஒரு மாதம் எட்டாயிரம், அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்பதைவிட நாலாயிரம் நிச்சயமாக வரும் என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய தைரியம். அவரிடமே உட்கார்ந்து பேசி அந்தத் தொகையை முடிவு செய்யுங்கள், கமிட்டி தனியாகக் கூடி முடிவெடுத்து அவருக்குத் தகவல் சொல்வது மரியாதை இல்லை.

அடுத்தது பசங்களின் வீடு. பதினேழு வயசில் ஒருவன் ஆட்டத்தை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டில் அரிசி இல்லாததுதான். அப்பாவுக்கு வேலை போனால் இவன் ஏதாவது கடையில் நிற்கப் போவான். அவன் திரும்பி வர வேண்டுமானால் அந்த இரண்டு மூன்று மாதத்தை அந்தக் குடும்பம் தாண்ட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன், பதினேழு வயசுப் பையன் ரேஷன் பையோடு நிற்கும் படம் ஊர் குரூப்பில் சுற்றினால் அவன் அந்த மைதானத்துக்கு இனி தலை நிமிர்ந்து வர மாட்டான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ரம்ஜான் மாதத்தில் ஜகாத் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கஷ்டப்படும் பிளேயர் குடும்பம் இது என்று அவர்களிடம் தனியாகச் சொல்லலாம். ஆனால் பந்துக்கும் வலைக்கும் ஜகாத் பணத்தைக் கேட்காதீர்கள், அது ஏழைக் குடும்பத்துக்கு உரிய பணம்.

பணம் வாங்கும் முறை

தனி ஒருவரின் ஜிபே நம்பருக்குப் பணம் போடச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கிளப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்க வேண்டும், அந்தக் கணக்கின் கியூஆர் கோடுதான் வெளியே போக வேண்டும். கிளப்புக்குப் பதிவு இருந்தால் கணக்கு தொடங்குவது சுலபம். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதிவு செய்யலாம், அப்புறம் சங்கத்தின் பெயரில் பான் கார்டு. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானதால் உங்கள் ஊர் இப்போது எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள், பாதி நாள் அலைச்சல் மிச்சம். தொற்று வந்த பிறகு இதற்காக ஓடினால் அலுவலகமே பூட்டியிருக்கும், நல்ல காலத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது.

கணக்கு எழுதுவதற்குப் பெரிய சாஃப்ட்வேர் ஒன்றும் வேண்டாம். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல, பெயர், ஊர், தொகை என்று வரிசையாக எழுதுங்கள். ஒரு நீள நோட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, ஒவ்வொரு செலவுக்கும் பில்லை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வையுங்கள், பில் தராத கடையென்றால் ஒரு துண்டுச் சீட்டில் கடைக்காரர் கையெழுத்து. மாதம் முடிந்ததும் அந்த இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து, பணம் கொடுத்த எல்லாருக்கும் அனுப்புங்கள், குடும்பங்களுக்குக் கொடுத்த அரிசியை மட்டும் பெயர் இல்லாமல் மொத்தத் தொகையாக எழுதுங்கள். எங்கோ சவூதியிலோ பெங்களூரிலோ இருக்கும் பழைய லெஃப்ட் விங்கர் ஒருவர், தான் போட்ட முந்நூறு ரூபாய் சுண்ணாம்புத் தூளாகவும் கோச் சம்பளமாகவும் போனதைக் கண்ணால் பார்த்தால் அடுத்த மாதம் கேட்காமலே போடுவார்.

பணத்தைச் சீட்டில் போட்டுப் பெருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிக வட்டி ஆசை காட்டும் கம்பெனிகளில் நம்ம மாவட்டத்து மக்கள் பட்டது போதும்.

ஆடாத ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்கலாம்

ஜெர்மனியில் லோகோமோட்டிவ் லைப்சிக் என்று ஒரு பழைய கிளப். 1987-ல் பிரெஞ்சு கிளப்பான போர்தோவுடன் ஆடிய ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியைப் பார்க்க 1,20,000 பேர் வந்ததாக அவர்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அப்புறம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. 2020-ல் ஆட்டமெல்லாம் நின்றபோது, கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு மேட்ச் என்று அறிவித்து, ஒரு டிக்கெட் ஒரு யூரோ என்று விற்றார்கள். அந்தப் பழைய 1,20,000-ஐயும் தாண்டி விற்றது. இங்கிலாந்தில் மரீன் என்ற எட்டாம் நிலை கிளப்புக்கு 2021 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பெரிய கிளப்பான டாட்டன்ஹாமோடு ஆடும் அதிர்ஷ்டம் அடித்தது, ஆனால் ரசிகர்களை உள்ளே விட முடியாது. பத்து பவுண்டுக்கு ஒரு மெய்நிகர் டிக்கெட் என்று போட்டார்கள், 30,000-க்கும் மேல் போனது, வாங்கியவர்களில் எதிர் அணியின் ரசிகர்களே ஏராளம். ஆட்டத்தில் 0-5 என்று தோற்றார்கள், கிளப் பிழைத்துக்கொண்டது.

நமக்கு அவ்வளவு கூட்டம் வராது, சரி. ஆனால் வழி நமக்கும் பொருந்தும். வருஷா வருஷம் நடத்தும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமெண்டை அதே தேதியில் "நடக்காத டோர்னமெண்ட்" என்று அறிவியுங்கள், ஐம்பது ரூபாய்க்கு ஒரு டிக்கெட், பழைய ஃபைனலின் வீடியோ யாரிடமாவது இருந்தால் அந்த ராத்திரி குரூப்பில் போடுங்கள், அதில் ஆடியவர்களைப் பேச வையுங்கள். எதிர் ஊர் டீமுக்கும் கட்டாயம் அனுப்புங்கள். மைதானத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மோதினவர்கள்தான் இந்த மாதிரி நேரத்தில் முதலில் பணம் போடுவார்கள்.

கடனைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இங்கிலாந்தில் 1874-ல் தொடங்கிய மக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் கிளப்பை 2020 செப்டம்பரில் நீதிமன்றம் கலைத்தது, ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன். அந்தக் கடனும் சம்பள பாக்கியும் தொற்றுக்கு முன்பே சேர்ந்தவை. பணச் சிக்கலால் பரி என்ற இன்னொரு கிளப்பை லீக்கை விட்டே நீக்கினார்கள், அது தொற்றுக்கும் முந்தைய வருஷம். ஆகவே, ஸ்போர்ட்ஸ் கடை பாக்கி, ஜெர்ஸி பிரிண்ட் பாக்கி இருந்தால் கடைக்காரரிடம் நேரில் போய், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லி அதன்படி கொடுங்கள், அவரும் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள், அதைத் தடை செய்ய 2003-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது.

மைதானத்தை விட்டுவிடாதீர்கள்

ஆறு மாதம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சீமைக்கருவேல் முளைக்கும், லாரி நிற்கும், குப்பை விழும், அப்புறம் அது மைதானம் என்பதே மறந்துபோகும். 2020-ல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் காய்கறிச் சந்தையை மைதானங்களுக்கு மாற்றினார்கள், அது அந்த நேரத்துக்குத் தேவையான முடிவுதான். ஆனால் சந்தை கிளம்பிய பிறகு தரையைப் பார்த்தால் தெரியும், வண்டித் தடம் முழங்கால் மடங்குகிற அளவுக்கு, பந்தல் ஆணி, சோடா மூடி, உடைந்த கண்ணாடி. அப்படியே பசங்களை வெறுங்காலில் ஓட விடாதீர்கள். பத்து பேர் ஒரு கை தூரத்தில் வரிசையாக நின்று, குனிந்த தலையோடு இந்தக் கோல் போஸ்டிலிருந்து அந்தக் கோல் போஸ்ட் வரை மெதுவாக நடந்து பொறுக்குங்கள், ஆளுக்கொரு சிமெண்ட் சாக்கு, அப்புறம் குறுக்கே ஒரு தடவை. முடிந்தால் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துப் பாருங்கள். இதற்குக் காசு கேட்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

பெண் பிள்ளைகளின் பயிற்சியைத்தான் எல்லாரும் முதலில் நிறுத்துவார்கள். நிறுத்தாதீர்கள். பசங்க எப்படியாவது தெருவில் ஆடிக்கொள்வார்கள், பெண் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். ஃபிஃபா 2020-ல் தன் 211 உறுப்புச் சங்கங்களுக்கும் தலா பத்து லட்சம் டாலர் அறிவித்தபோது பெண்கள் ஃபுட்பாலுக்கென்று தனியாக ஐந்து லட்சம் ஒதுக்கியதற்கு அர்த்தம் இருக்கிறது. அது தேசியச் சங்கங்களுக்குப் போகும் பணம், நம்ம இரும்புப் பெட்டிக்கு வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஆனால் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், வசூலில் ஒரு பங்கைப் பெண்கள் டீமுக்கென்று தனி வரியில் எழுதி, அதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள்.

கடைசியாக கம்பெனிகள். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையிலும் ஆம்பூரிலும் கதவைத் தட்டலாம். நிகர லாபம் ஐந்து கோடியைத் தாண்டிய கம்பெனி, மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது, அந்தப் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. பயிற்சி என்பதைக் கவனியுங்கள், பரிசுத் தொகைக்கும் டோர்னமெண்ட் பந்தலுக்கும் கேட்டால் மறுத்துவிடுவார்கள், கோச் சம்பளம், பந்து, பிள்ளைகளின் பூட்ஸ் என்று கேளுங்கள். பணம் நேராக உங்கள் கையில் வர வேண்டுமானால் வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவும் (தொண்டு அமைப்புகளுக்கான வரிச் சலுகைப் பதிவுகள்), மூன்று வருஷம் வேலை செய்த சான்றும், சி.எஸ்.ஆர்-1 பதிவும் (கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்கும் அமைப்புகளுக்கான பதிவு) கேட்பார்கள். அது இல்லாத கிளப், இதெல்லாம் வைத்திருக்கும் ஊர் அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து போகலாம், இல்லையென்றால் கம்பெனியே நேரடியாக வாங்கித் தரும்படி கேட்கலாம். கடிதம் ஒரு பக்கம் போதும், எத்தனை பிள்ளைகள், மாதம் என்ன செலவு, அதோடு அந்த வரவு செலவு நோட்டின் கடைசி ஆறு மாதப் பக்கங்கள். அவர்கள் கணக்கு ஏப்ரலில் தொடங்குவதால் ஜனவரியிலேயே கொண்டு போய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.