இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பூங்கொத்து அனுப்புவது எப்படி?

இங்கிருந்து பூவை வாங்கிக் கட்டி கூரியரில் போட்டால், லெஸ்டரில் இருக்கும் அத்தை கைக்குப் பூவாகப் போய்ச் சேராது. அத்தை ஊரிலேயே கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பணத்தையும் விவரத்தையும் சேர்த்துவிட்டால், அவர் அன்று காலை வந்த பூவை வெட்டிக் கட்டி வீட்டு வாசலில் கொடுப்பார். தந்தி காலத்திலிருந்து இதுதான் முறை. 1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, வெளியூர் ஆர்டர்களைத் தந்தியில் ஒருவருக்கொருவர் மாற்றிவிடத் தொடங்கினார்கள். இன்றைய பெரிய பூ அனுப்பும் நிறுவனங்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பூவை உண்மையில் கட்டப்போகிறவரிடம் நேராகப் பேசினால் பாதி வேலை முடிந்தது. நடுவில் இன்னொருவர் இருந்தால், நீங்கள் கொடுக்கும் 50 பவுண்டில் கமிஷன், சேவைக் கட்டணம் என்று கால் பங்கு வரை கழிந்துபோகலாம். மிச்சப் பணத்துக்கு எவ்வளவு பூ வருமோ அதைத்தான் கடைக்காரர் கட்டுவார். “படத்தில் பெரிதாக இருந்தது, வந்தது சின்னதாக இருக்கிறது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

படி 1: உண்மையான கடையைக் கண்டுபிடியுங்கள்

பெறுபவரின் ஊர்ப் பெயரோடு பூக்கடை என்று கூகுள் மேப்ஸில் தேடுங்கள். சாதாரணத் தேடலில் முதலில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஊர்ப் பெயரைத் தளத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அந்த ஊரில் கடையே இல்லாமல் ஆர்டர் பிடித்துக் கைமாற்றிவிடும் தளங்கள் நிறைய உண்டு. மேப்ஸில் தெருவைப் படமாகக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் கடையின் முகப்பு தெரிகிறதா, வாடிக்கையாளர் எடுத்த படங்கள் இருக்கின்றனவா, தொலைபேசி எண் அந்த ஊருடையதா என்று பாருங்கள். லெஸ்டர் என்றால் 0116, பர்மிங்காம் என்றால் 0121, லண்டன் என்றால் 020. இங்கிருந்து அழைக்கும்போது முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு +44 சேர்க்க வேண்டும். 0800 என்று தொடங்கும் இலவச அழைப்பு எண் மட்டுமே கொடுத்திருந்தால் அது கால் சென்டராக இருக்கலாம். அந்த எண் வெளிநாட்டிலிருந்து கிடைக்காமலும் போகலாம்.

படி 2: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். அங்கே காலை 9 மணிக்குக் கடை திறந்தால் இங்கே கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அன்றே போய்ச் சேர வேண்டிய ஆர்டரைப் பல கடைகள் நண்பகலை ஒட்டி நிறுத்திவிடும். ஞாயிறன்று பெரும்பாலான சிறு கடைகள் விடுமுறை. அதனால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அன்னையர் தினத்தில் பலர் ஏமாறுகிறார்கள். நமக்கு அது மே மாதம் இரண்டாம் ஞாயிறு. பிரிட்டனில் ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்தைய ஞாயிறு. 2026இல் மார்ச் 15, 2027இல் மார்ச் 7. அந்த வாரமும் பிப்ரவரி 14ஐ ஒட்டிய நாட்களும் விலை ஏறும், கேட்ட பூ கிடைக்காது. முடிந்தால் ஒரு நாள் முன்பின் அனுப்புங்கள்.

படி 3: பூவைச் சொல்லும் விதம்

புதிதாக அனுப்புபவர்கள் படத்தைக் காட்டி “அப்படியே வேண்டும்” என்பார்கள். அதைவிட, மொத்தத் தொகை (டெலிவரி கட்டணம் உட்பட), எதற்காக, என்ன நிறம், எது கூடாது என்ற நான்கையும் சொல்லிவிட்டு, பூவைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடுங்கள். அன்று சந்தையில் நன்றாக இருந்ததை அவர் எடுப்பார். அதே பணத்துக்குப் பூவும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனாலும் சிலவற்றைக் கேட்டே வாங்குங்கள். கார்னேஷனும் சாமந்தி வகைகளும் இரண்டு வாரம் வரை தாங்கும். ரோஜா ஒரு வாரம் நின்றால் பெரிது. ஜெர்பராவின் தண்டு சீக்கிரம் தலை சாயும். லில்லி மொட்டாக வந்தால்தான் நாளுக்கு ஒன்றாக மலரும். ஆனால் வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். அதன் மகரந்தமும், ஜாடித் தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வெள்ளை லில்லியை அங்கே இறுதிச் சடங்கோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

பூங்கொத்தை “ஹேண்ட் டைட், அக்வா பேக்” என்று கேளுங்கள். தண்டுகளைச் சுருளாகக் கட்டி, அடியில் தண்ணீர்ப் பை வைத்து, பெட்டியில் நிறுத்திக் கொடுப்பார்கள். அத்தை ஜாடி தேடி அலைய வேண்டாம், அப்படியே மேசையில் வைக்கலாம். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றால் “லெட்டர்பாக்ஸ்” பூக்கள் என்று ஒரு வகை உண்டு. தட்டையான பெட்டியில் மொட்டுகளாக வரும், கதவின் கடிதத் துளை வழியே போட்டுவிடுவார்கள்.

படி 4: விவரங்கள்

பெறுபவரின் முழுப் பெயர், வீட்டு எண், போஸ்ட்கோடு, அடுக்குமாடி என்றால் பிளாட் எண், அவருடைய கைபேசி எண். அங்கே வீட்டு எண்ணும் போஸ்ட்கோடும்தான் உயிர். அதில் ஓர் எழுத்து பிசகினால் பூ வேறு தெருவுக்குப் போகும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எந்தப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மருத்துவமனைக்கு என்றால் முதலில் வார்டில் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பூ அனுமதிப்பதில்லை, பல சாதாரண வார்டுகளிலும் இல்லை. வீடு திரும்பிய மறுநாள் அனுப்புவதே மேல். இரங்கல் பூவுக்கு, இறந்தவரின் முழுப் பெயரும் சடங்கு நடக்கும் இடமும் நேரமும் கடைக்குத் தெரிய வேண்டும். பூ வேண்டாம், நன்கொடை போதும் என்று குடும்பத்தார் கேட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிடுங்கள்.

வாழ்த்து அட்டையில் தமிழில் எழுத வேண்டுமென்றால் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், அங்கே தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டங்கட்டமாக அச்சாகிவிடும். வெள்ளைத் தாளில் தெளிவாகக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பி, அதை அச்சிட்டு ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரைக் கீழே எழுத மறக்காதீர்கள். யார் அனுப்பியது என்று தெரியாமல் திகைப்பவர்கள் அதிகம்.

படி 5: பணம்

வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை உங்கள் கார்டில் முடக்கப்பட்டிருக்கலாம். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, ஒரு வரம்பு வையுங்கள். பணம் போனதும் மூடிவிடுங்கள். நாணய மாற்றுக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் தனியே ஏறும். போனில் கார்டு எண்ணைப் படித்துக் காட்டுவதைவிட, பணம் செலுத்தும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வது பாதுகாப்பு.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

வாகனத்தில் ஏற்றும் முன் ஒரு படம் அனுப்பக் கேளுங்கள். பல சிறு கடைகள் சந்தோஷமாக அனுப்பும். பெறுபவரிடம் தண்டின் நுனியை 2 செ.மீ. சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை நீக்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றச் சொல்லுங்கள். வாழைப்பழத் தட்டின் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.

பூ வாடிப்போய் வந்தால், அன்றே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மறுநாளுக்குள் கடைக்குத் தெரிவியுங்கள். மூன்று நாள் கழித்துச் சொன்னால், தண்ணீர் ஊற்றாமல் விட்டதால் வாடியதா, வரும்போதே அப்படியா என்று கடைக்காரரால் பிரித்தறிய முடியாது. உடனே சொன்னால், நல்ல கடை பணத்தைத் திருப்புவதைவிடப் புதுக் கொத்து ஒன்றை அனுப்பவே முன்வரும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.