சிங்கப்பூரில் பூக்காலத்தைப் பிடிப்பது எப்படி?

"இங்கே ஏது வசந்தம்? வருடம் முழுக்க ஒரே வெயில்தானே" என்று சிங்கப்பூரில் பலரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தத் தீவுக்கும் பூக்காலம் உண்டு. மழைதான் அதற்கு நாள் குறிக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், புதிதாக வந்தவர்கள்கூட ஒரு பூவையும் தவறவிடாமல் பார்க்கலாம்.

1. முதலில் வானத்தைக் கவனியுங்கள்

பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட கட்டம். புல்தரை பழுப்பேறிக் கிடக்கும். மார்ச் கடைசியில் பிற்பகல் இடிமழை ஆரம்பிக்கும். காய்ந்து நின்ற மரங்களுக்கு அதுதான் அழைப்பு. நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் கனமழை பெய்த நாளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். மூன்றாவது படியில் அந்தத் தேதி தேவைப்படும்.

2. டிரம்பெட் மரம்: பூத்த அன்றே போய்ப் பாருங்கள்

மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த மரம் இது. இங்கே சாலையோரங்களில் நிறைய நட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒரு முறையும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு முறையும் மரம் முழுக்க இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூத்துக் குலுங்கும். ஜப்பானின் செர்ரிப் பூவான சகுராவை நினைவுபடுத்துவதால் "சிங்கப்பூரின் சகுரா" என்று செல்லமாகச் சொல்வார்கள்.

ஒரு வருடம் எங்கள் புளோக்குக்கு எதிரே வியாழக்கிழமை காலை இந்த மரம் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்து வந்து காட்டலாம் என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமை இரவு நல்ல மழை. காலையில் போனால் கிளையில் பாதிகூட இல்லை, எல்லாம் நடைபாதையில் கிடந்தது. அம்மா குனிந்து ஒன்றை எடுத்தார். புனல் மாதிரி வடிவம், ஓரம் கசங்கிய பட்டுத்துணி போல, தொண்டைக்குள் மஞ்சள். இதழ் உதிராமல் பூ முழுசாகவே விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் விளிம்பு பழுப்பாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், வார இறுதிக்குக் காத்திருக்காதீர்கள்.

3. மழைக்குப் பின் ஒன்பது நாள் எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் புறா ஆர்க்கிட் ஒட்டி வளரும். மற்ற நாளில் வெறும் பச்சைக் குச்சிகளாகத்தான் தெரியும். பெருமழையில் வெப்பநிலை திடீரென்று ஐந்து டிகிரி போலக் குறைந்தால், உறங்கிக் கிடந்த மொட்டுகள் வளரத் தொடங்கும். சுமார் ஒன்பதாம் நாள் காலை, அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். சிறகு விரித்த வெள்ளைப் புறா போன்ற பூ, நல்ல வாசனை. மாலைக்குள் வாடிவிடும். அன்று காலை வேலைக்குப் போகும்போது தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

4. பூமலைக்கு ஒரு காலைப் பொழுது

1859இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைத்தான் நம்மவர்கள் பூமலை என்பார்கள். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை இருக்கும், நுழைவு இலவசம். ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் நடக்க விடாது, பிற்பகலில் இடி மின்னல். தண்ணீர், குடை, கொசுத் தைலம் போதும்.

உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். மழையோ வெயிலோ அங்கே எப்போதும் பூ இருக்கும் என்பதால், முதல் முறை வருபவர்களை நான் தயங்காமல் அழைத்துப் போவேன். 1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமைத் தேடிப் பாருங்கள். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் பெயரைத் தாங்கிய பூ அது. எந்தப் பூவையும் பறிக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

5. குளிரூட்டிய வசந்தம்

உண்மையான சகுராவைப் பார்க்க ஆசையென்றால், கரையோரப் பூந்தோட்டங்களின் (Gardens by the Bay) ஃபிளவர் டோம் என்ற குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்தில் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் காட்சிக்கு வைப்பார்கள். அழகுதான். ஆனால் நேரம் குறைவாக இருந்தால் நான் சாலையோர மரங்களுக்கே வாக்களிப்பேன்.

6. மே மாதம் மாலையில் மறுபடியும் பூமலை

சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டைத் திருப்பிப் பாருங்கள், கிளையைத் தாழ நீட்டிய ஒரு பெரிய மரம் இருக்கும். அது இந்தத் தோட்டத்தில் நிற்கும் தெம்புசு, 150 வயதைத் தாண்டியது. மே, ஜூன் வாக்கில் சின்னச் சின்ன வெண்மஞ்சள் பூக்கள் பூக்கும். பகலில் போனால் வாசனை அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் டாங்லின் வாசல் பக்கமாக உள்ளே வந்து புல்வெளியை நோக்கி மெதுவாக நடங்கள். மரம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்துவிடும்.